வாடகைக்கு எடுத்தவர் இறந்துவிட்டால்: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் பாத்திஹாவோ முடியுமுன்பே, "பேரை மாத்திப் புது அக்ரிமென்ட் போட்டுக்கலாம்" என்ற பேச்சு வந்துவிடும். ராமேசுவரம், கீழக்கரை, தொண்டி எங்கும் இதே கதைதான். அப்போதே கையெழுத்துப் போடுவது முதல் தவறு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலம் வரை, கூட வசித்த வாரிசுகள் பழைய வாடகையிலேயே இருக்கலாம். ஏழு மாதம் மிச்சமென்றால் ஏழு மாதம். அதற்கு மேல் தங்கினால் இரு மடங்கு வாடகை கேட்க இடமுண்டு. புதுத் தாள் போட்டே ஆகவேண்டுமென்றால், பழைய அட்வான்ஸ் தொகை எவ்வளவு, யார் கொடுத்தது என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்குச் சாட்சியே இருக்காது.

இந்தச் சட்டம் நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறங்களுக்கானது. ஊராட்சிக் கிராமங்களில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம்தான். அங்கே மாத வாடகைக்கு இருப்பவரை 15 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். வாய்ப்பேச்சு வாடகை எங்கேயுமே ஆபத்து. நகரத்தில் எழுத்து ஒப்பந்தம் இல்லாததே வெளியேற்றக் கேட்க ஒரு காரணமாகிவிடும்.

இறந்தவரின் போனிலிருந்து ஜிபேயில் வாடகை அனுப்புவது இன்னொரு பழக்கம். வங்கிக்குத் தகவல் போனதும் கணக்கு முடங்கும், அந்த மாத வாடகை பாக்கியில் நிற்கும். அங்கே வசிப்பவரின் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பி, எந்த மாதத்து வாடகை என்று குறிப்பிடுங்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டரில் அனுப்பிப் பாருங்கள். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

உண்மையான சிக்கல் ஒத்தி வீட்டில்தான். மாத வாடகை கிடையாது, மொத்தமாகக் கொடுத்த சில லட்சம்தான் எல்லாமே. அந்தப் பணம் இறந்தவரின் சொத்து. வீட்டில் இருக்கும் மூத்த மகனிடம் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர், பிறகு மகள்கள் வந்து கேட்கும்போது மாட்டிக்கொள்வார். உயில் இல்லாத இந்து ஆணுக்குத் தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. அதனால் இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் கையில் வந்தபிறகு, அதிலுள்ள அத்தனை பேரும் ரசீதில் கையெழுத்துப் போடட்டும். தகராறு என்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டியிருக்கும், இரண்டும் வேறுவேறு. ஒத்தி ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் விட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது வராது. வீட்டை விலைக்கு வாங்குபவருக்கும் ஒத்தி இருப்பது தெரியாது. அதனால் அந்தத் தாளை லேமினேட் செய்யாமல், அசலைப் பத்திரமாக வையுங்கள்.

இறப்பைப் பதிய 21 நாள். பதிவு நடப்பது இறந்த இடத்தில். மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் சான்றிதழும் மதுரையில்தான். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் விஷயம் தனி. உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க ஏழு வருடம் ஆகும். அதுவரை மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதே நல்லது.

காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடித்தம் தொடங்கும். கடலோரச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துச் சாந்து உதிரும், ஜன்னல் கிராதி அடியில் துருவேறி இற்றுப்போகும். குடியிருந்தவர் உடைத்ததல்ல அது. படமெடுத்து வையுங்கள். மின் மீட்டர் ரீடிங்கையும் தேதியோடு எடுத்து, சாவி கொடுத்ததை எழுத்தில் வாங்குங்கள். நகர்ப்புறத்தில் ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக அட்வான்ஸ் திரும்ப வேண்டும்.

வாரிசு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருந்தால் வாட்ஸ்அப்பில் "சரி" என்று வந்த குரல்பதிவை நம்பிப் பணத்தைப் பிரிக்காதீர்கள். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி அனுப்பட்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.