"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பவர்களுக்கு

காய்ச்சல் இல்லை, படுத்த படுக்கையாக இல்லை, அதனால் நான் ஆரோக்கியம் என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. சிக்கல் என்னவென்றால், பிபியும் சுகரும் வருடக்கணக்கில் ஒரு வலியும் காட்டாமல் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் முழுமையாக நலமாக இருக்க வேண்டும் என்கிறது. "முழுமையாக" என்று பார்த்தால் ஊரில் ஒருத்தரும் தேற மாட்டோம். என்னைக் கேட்டால், சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, தன் வேலையைத் தானே பார்த்து, நன்றாகத் தூங்கி, நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறவர் ஆரோக்கியமானவர்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? தையல் டேப்பிலிருந்து. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு அளந்து பாருங்கள், வயிற்றை எக்கக் கூடாது. நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும், எடை சரியாக இருந்தாலும்கூட. கை கால் குச்சியாக இருந்து தொப்பை மட்டும் முன்னால் நிற்பது நம்மிடம் ரொம்ப சகஜம்.

அடுத்தது பிபி. இதைத்தான் பலர் தப்பாகப் பார்க்கிறார்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு, காபி குடித்த கையோடு, பேசிக்கொண்டே பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, சட்டைக் கைக்கு மேல் இல்லாமல் வெறும் கையில் பட்டையைக் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்கு மேலேயே நின்றால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள், அது போதும், பக்கத்து வீட்டுக்காரர் போடும் மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம்.

சுகருக்கு, வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது, 126-ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். கூடவே மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி-யும் எடுத்துவிடுங்கள். 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய். இரண்டு நாள் இனிப்பை நிறுத்திவிட்டு லேபுக்குப் போகும் சாமர்த்தியம் இதனிடம் பலிக்காது! காசு ஒரு காரணம் என்றால், தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சுகர் இரண்டையும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

சாப்பாட்டில் அரிசியைப் பகையாளி ஆக்க வேண்டியதில்லை, அளவுதான் பிரச்சினை. தட்டில் பாதியை முதலில் பொரியல், கூட்டு, கீரைக்கு ஒதுக்குங்கள், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது, மிச்சம் கால் பங்கில் சோறு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, அதற்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. பாட வராத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், பேச மட்டும் முடிய வேண்டும், அதுதான் வேகத்தின் அளவு. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் உடனே ஏறும் சர்க்கரை கொஞ்சம் அடங்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் நடையோடு நிறுத்தாமல், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை வாரம் இரண்டு மூன்று நாளாவது செய்யுங்கள், தசை கரைவதைக் குறைக்க அது உதவும்.

தூக்கம் ஏழு மணி நேரம். பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றாலும் அப்படித்தான்.

அப்புறம் ஒன்று, நெஞ்சில் அழுத்தம், திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், இவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, கேஸ் என்று சோடா குடித்துப் பார்க்காமல் உடனே 108-க்குப் போன் போடுங்கள்.