இரு உலகப் போர்களுக்கு இடையே ஆடிய ஆங்கிலேய கோல்ஃப் வீரரின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

கோப்பைப் பட்டியலில் தொடங்காதீர்கள். 1919 முதல் 1939 வரை இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் பெரும்பாலும் ஒரு கிளப்பின் ஊழியர். உறுப்பினர்களுக்குப் பாடம் நடத்துவார், மட்டை பழுது பார்ப்பார், கடையில் பந்து விற்பார். போட்டி அதற்குப் பிறகுதான். 1934-ல் பிரிட்டனின் முதன்மைப் போட்டியான ஓப்பன் சாம்பியன்ஷிப்பை வென்ற ஹென்றி காட்டனுக்கே பரிசு 100 பவுண்டுதான். ஆகவே எந்த ஆண்டில் எந்தக் கிளப் என்று முதலில் வரிசைப்படுத்துங்கள்.

அது இல்லாமல் ரைடர் கோப்பைக் (அன்று பிரிட்டன், அமெரிக்கத் தொழில்முறை அணிகள் மோதிய போட்டி) கணக்கு பிடிபடாது. காட்டன் 1929-ல் ஆடினார், அடுத்து 1937-ல்தான். நடுவில் ஃபார்ம் போய்விட்டது என்று எழுதினால் தப்பு. 1931-ல் அணியோடுதான் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் ஒப்பவில்லை. பிறகு பெல்ஜியத்தின் வாட்டர்லூ கிளப்பில் வேலை. உள்நாட்டில் வசிப்பவருக்கே அணியில் இடம் என்பது அன்றைய விதி. பெர்லினில் இருந்த பெர்சி அல்லிஸை 1931-ல் வெளியே நிறுத்தியதும் இதே விதிதான்.

ஸ்கோரை (எத்தனை அடி, அதாவது ஸ்ட்ரோக்; குறைவாக எடுத்தவரே வெல்வார்) எழுதும்போது மொத்தத்தோடு நிற்காமல், சுற்றுக்கு 18 துளை என்ற நான்கு சுற்றையும் பிரித்துப் போடுங்கள். 1934 ஓப்பன், சாண்ட்விச் மைதானம், காட்டன்: 67, 65, 72, 79, மொத்தம் 283. கடைசி இரண்டு சுற்றும் ஒரே நாளில். மூன்றாம் சுற்று முடிவில் 10 ஸ்ட்ரோக் முன்னிலை, ஆட்டம் முடிந்தபோது 5. வெறும் 283 என்று எழுதினால் இந்தச் சரிவு மறைந்துபோகும். அதே மைதானத்தில் 1938-ல் ஓப்பனை வென்ற ரெஜ் விட்கோம் எடுத்தது 71, 71, 75, 78, மொத்தம் 295. பன்னிரண்டு அதிகம் என்று அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். கடைசி நாள் சூறைக்காற்று பெரிய கூடாரத்தையே பிய்த்துப் போட்டது. வானிலைக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

பழைய நாளிதழ்களில் ‘பார்’ (துளைக்குத் துளை நிர்ணயித்த அடி எண்ணிக்கை) கணக்கை எதிர்பார்க்காதீர்கள். எல்லாத் துளைக்கும் நான்கு அடி என்று வைத்து, ‘நாலுக்கு இத்தனை கீழே’ என்றே அன்று எழுதினார்கள். 72 துளைக்கு 288. காட்டனின் 283 அதற்கு ஐந்து கீழே.

மேட்ச் பிளே (மொத்த அடியை அல்ல, வென்ற துளைகளை எண்ணும் ஆட்டம்) முடிவில் இன்னொரு வழுக்கல். 1928-ல் மூர் பார்க்கில் ஆர்ச்சி காம்ப்ஸ்டன் அமெரிக்கர் வால்டர் ஹேகனை 18–17 என்று வென்றதைப் பலர் ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசம் என்று படித்துவிடுகிறார்கள். 18 துளை முன்னிலை, இன்னும் ஆட மீதமிருந்தது 17 துளை என்பதே பொருள். அது 72 துளை சவால் ஆட்டம். சாம்பியன்ஷிப் வெற்றிகளோடு கலக்காமல் தனியாகக் குறியுங்கள். அடுத்து நடந்த ஓப்பனை வென்றவர் ஹேகன்தான்!

எஃகுத் தண்டு மட்டைக்கு பிரிட்டனில் அனுமதி வந்தது 1929 நவம்பரில். அதற்கு முன் மரத் தண்டுதான்; ஆகவே அதற்கு முன்னும் பின்னும் அடித்த தூரங்களை ஒப்பிடாதீர்கள்.

பெயர்களை இனிஷியலோடு எழுதுங்கள். விட்கோம் சகோதரர்கள் மூவர்: இ. ஆர்., சி. ஏ., ஆர். ஏ. 1935 ரைடர் கோப்பையில் மூவரும் ஆடினார்கள். 1924-ல் ஹாய்லேக்கில் நடந்த ஓப்பனில் ஹேகனுக்கு ஒரு ஸ்ட்ரோக் பின்னால் முடித்தவர் எர்னஸ்ட் (இ. ஆர்.). அதை 1938-ல் வென்ற ரெஜ்ஜின் (ஆர். ஏ.) கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.