அமாங் மணலில் மோனசைட்டையும் செனோடைமையும் பிரித்தறிதல்

பேராக், சிலாங்கூர் வெள்ளீயச் சுரங்கங்களில் வெள்ளீயத் தாதுவைக் கழுவி எடுத்தபின் எஞ்சும் கனமான மணலே அமாங். கோலாலம்பூரில் நிலவியல் பயிலும் நம் மாணவர்கள் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கையில், நீரோட்டத்தில் உருண்டு மழுங்கிய மஞ்சள், பழுப்பு மணிகளுள் எது மோனசைட், எது செனோடைம் (இவ்விரண்டும் அருமண் தனிமங்களின் பாஸ்பேட்டுக் கனிமங்கள்), எது பாஸ்பேட்டே அல்லாத சிர்கான் என்று நிறத்தை மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. மணியைப் பொடியாக்காமல் அறிய, லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிதறும் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலையே ஏற்றது. அகச்சிவப்பு நிறமாலையில் பாஸ்பேட்டுப் பட்டைகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்.

மோனசைட்டில் தோரியம் இருப்பதால், கையுறை அணிந்து, சில மணிகளை மட்டும் தூசி பறக்காதவாறு கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். அடுத்து, சிலிக்கான் வில்லையின் முகடு 520.5 செ.மீ⁻¹ இடத்தில் விழுகிறதா என்று சரிபாருங்கள். இனி வரும் எண்கள் யாவும் இதே அலகில் அமைந்தவை. சில அலகு வேறுபாட்டை நம்பி முடிவெடுக்கும் வேலை என்பதால், இந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் தவிர்க்கலாகாது.

மோனசைட்டின் வலிய முகடு 970 அருகிலும், செனோடைமினுடையது 1000 அருகிலும் தோன்றும். மோனசைட்டிலுள்ள சீரியம், லாந்தனம் அயனிகளைவிடச் செனோடைமிலுள்ள இட்ரியம் அயனி சிறியது. ஆகவே செனோடைமில் பாஸ்பேட்டுத் தொகுதி இறுக்கமாக அமைந்து, கூடுதல் அதிர்வெண்ணில் அதிர்கிறது. இத்துடன் முடிந்துவிட்டால் எளிது. ஆனால் சிர்கானுக்கும் 974, 1008 ஆகிய இடங்களில் முகடுகள் உண்டு. கதிரியக்கத்தால் படிகக் கட்டமைப்பு சிதைந்த சிர்கானில் 1008 முகடு அகன்று, 1000 நோக்கி இறங்கி, செனோடைமைப் போலவே தோற்றமளிக்கும். எனவே ஒற்றை முகட்டை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். 1055 அருகில் இன்னொரு முகடு இருக்கிறதா என்று தேடுங்கள்: இரு பாஸ்பேட்டுகளிலும் அது உண்டு, சிர்கானில் இல்லை. சிர்கானாயின் 439, 356 ஆகிய இடங்களின் முகடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். படிகம் கிடக்கும் திசையைப் பொறுத்து முகடுகள் மெலியக்கூடும் என்பதால், 1055 தென்படாதபோது மணியைத் திருப்பி வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

அருமண் தனிமங்களின் ஒளிர்வும் கூர்மையான கோடுகளாக நிறமாலையில் புகுந்துவிடும். ஐயமிருந்தால் வேறு அலைநீள லேசரில் அளவிடுங்கள். ராமன் முகடுகள் அதே எண்களில் நிற்கும், ஒளிர்வுக் கோடுகள் இடம்பெயரும்.

ஒரே மணியில் 970, 1000 ஆகிய இரண்டும் வலுவாகத் தெரிந்தால், லேசர் புள்ளியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இரு கனிமங்கள் ஒட்டி வளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பதிவேட்டில் பெயரை எழுதுங்கள்.