சர்வதேச வழக்குக்கு பிரீஃப் எழுதுவது எப்படி? லாகிராண்ட் வழக்கை வைத்து ஒரு பயிற்சி

சட்டக் கல்லூரியில் நான் எழுதிய முதல் சர்வதேச வழக்கு பிரீஃபுக்கு (தீர்ப்பின் சுருக்கக் குறிப்புக்கு) "வால்டர் லாகிராண்ட் எதிர் அரிசோனா மாநிலம்" என்று தலைப்பு வைத்திருந்தேன். கார்ல், வால்டர் லாகிராண்ட் இருவரும் அமெரிக்காவின் அரிசோனாவில் மரண தண்டனை பெற்ற ஜெர்மன் சகோதரர்கள். திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: "இந்த இரண்டு பேருமே அந்தக் கோர்ட்டில் இல்லையே தம்பி?"

நம்மூர் ரிட் மனுவில் உரிமை யாருக்குப் பறிபோனதோ, பெரும்பாலும் அவரே மனுதாரர். ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் அதற்கு வழியில்லை. அதன் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நாடுகள் மட்டுமே அங்கே கட்சிக்காரர்கள். செத்தவன் வால்டர், வழக்குப் போட்டது ஜெர்மனி. ஆகவே வழக்கமான ஃபேக்ட்ஸ் (நடந்தவை), இஷ்யூ (தீர்க்க வேண்டிய கேள்வி), ரேஷியோ (தீர்ப்பின் அடிப்படைக் காரணம்) கட்டங்களோடு இன்னொரு கட்டத்தையும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்: "யாருடைய உரிமை, யார் வாயால்?" கீழே வரும் எல்லாப் படியும் இந்தக் கட்டத்தை நிரப்பத்தான்.

படி 1: கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்

லாகிராண்ட் தீர்ப்பில் 128 பத்திகள். முதல் பத்தியிலிருந்து ஆரம்பித்தால் இருபதாவது பத்தியில் கொட்டாவி வந்துவிடும். நேரே 128-க்குப் போங்கள். நீதிமன்றம் என்ன முடிவெடுத்தது, ஒவ்வொரு முடிவுக்கும் எத்தனை ஓட்டு, எதிர்த்தவர் யார் என்பதெல்லாம் எண்போட்டு அங்கே இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டால், முன்னால் உள்ளவற்றில் எது அதற்குத் தேவை, எது வெறும் பின்னணி என்று தானாகப் பிரியும்.

படி 2: தலைப்பு

ஜெர்மனி எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள், சர்வதேச நீதிமன்றம், 27 ஜூன் 2001. அவ்வளவுதான்.

படி 3: ஃபேக்ட்ஸ், தேதி வரிசையில்

இங்கேதான் எல்லோரும் கதை எழுத ஆரம்பிப்பார்கள். அரிசோனாவின் மரானா என்ற ஊரில் 1982 ஜனவரியில் வங்கிக் கொள்ளை முயற்சி, மேலாளர் கொலை. படிக்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் பிரீஃபில் அதற்கு ஒரே வரிதான். ஹேக் நகரத்தில் யாரும் "இவர்கள் கொன்றார்களா?" என்று கேட்கவில்லை.

வேண்டிய தேதிகள் வேறு. கார்ல், வால்டர் இருவரும் ஜெர்மன் குடிமக்கள். சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர்கள். 1984-இல் மரண தண்டனை. ஜெர்மனியின் துணைத் தூதரகத்துக்கு விஷயம் தெரிந்தது 1992-இல், அதுவும் சகோதரர்களே சொல்லி. "உங்கள் நாட்டுத் தூதரகத்தை அணுக உங்களுக்கு உரிமை உண்டு" என்று அமெரிக்க அதிகாரிகள் முறைப்படி அவர்களிடம் சொன்னது 1998 டிசம்பரில். கைதாகிப் பதினாறு வருடம் கழித்து! இந்த இடைவெளிதான் வழக்கு. ஃபேக்ட்ஸ் பகுதியில் ஒரு வரிக்கு அடிக்கோடு போடலாம் என்றால் இதற்குப் போடுங்கள்.

கார்லுக்கு 24 பிப்ரவரி 1999 அன்று தண்டனை நிறைவேறியது. மார்ச் 2 அன்று ஜெர்மனி ஹேக்கில் வழக்குப் போட்டது. வால்டருக்கு நாள் குறித்திருந்தது மார்ச் 3. அன்றே நீதிமன்றம் விசாரணைகூட நடத்தாமல், இறுதித் தீர்ப்பு வரும்வரை அவரைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அன்றே அரிசோனா அவருக்கும் தண்டனையை நிறைவேற்றியது.

இன்னொரு ஃபேக்ட் கண்ணில் படாமல் நழுவும். தூதரக விவகாரத்தைச் சகோதரர்கள் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் கிளப்பியபோது, "இதை மாநிலக் கோர்ட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்ல முடியாது" என்று விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். உரிமை இருப்பதே தெரியாதவன் அதை எப்படி முன்கூட்டிச் சொல்வான்? இதைக் குறித்து வைத்தால்தான் இரண்டாவது இஷ்யூ புரியும்.

படி 4: சட்ட வாசகத்தை அப்படியே எடுத்தெழுதுங்கள்

துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கை, பிரிவு 36(1)(பி). வெளிநாட்டவர் ஒருவர் கைதாகி, அவர் கேட்டுக்கொண்டால், அவர் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். அவர் தூதரகத்துக்கு எழுதுவதை அனுப்பிவைக்க வேண்டும். கடைசியாக, இந்தப் பத்தியின்கீழ் "அவருடைய உரிமைகளை" அவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

மேற்கோள் போட்ட அந்த இரண்டு சொல்லைப் பாருங்கள். "அனுப்பும் நாட்டின் உரிமைகள்" (அதாவது கைதியின் நாட்டுக்குரிய உரிமைகள்) என்று எழுதவில்லை. இந்தப் பத்தியை உங்கள் சொந்த நடையில் சுருக்கினால் முதலில் காணாமல் போவது இந்த "அவருடைய"தான். மற்றதை எப்படி வேண்டுமானாலும் சுருக்குங்கள், சட்ட வாசகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 5: இஷ்யூ

"அமெரிக்கா வியன்னா உடன்படிக்கையை மீறியதா?" என்று எழுதினால் மார்க் போச்சு. ஜெர்மனிக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியதை அமெரிக்காவே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட விஷயத்தை இஷ்யூவாக வைக்கக் கூடாது. இரு தரப்பும் எங்கே முட்டிக்கொண்டன என்று தேடுங்கள்:

ஒன்று, அந்தத் தவறு ஜெர்மனிக்கு மட்டும் இழைத்ததா, சகோதரர்களுக்கும் சேர்த்து இழைத்ததா? இரண்டு, "முன்பே சொல்லவில்லை" என்ற விதியைக் காட்டி மறுத்தது பிரிவு 36(2)-ஐ (இந்த உரிமைகளின் நோக்கம் முழுதாக நிறைவேற உள்நாட்டுச் சட்டம் இடம்தர வேண்டும் என்பதை) மீறியதா? மூன்று, இடைக்கால உத்தரவு நாடுகளைக் கட்டுப்படுத்துமா?

படி 6: வாதமும் ரேஷியோவும்

முதல் இஷ்யூவில் அமெரிக்கா சொன்னது: இந்த உடன்படிக்கை நாடுகளுக்கு இடையேயானது, தனிமனிதருக்குக் கிடைப்பதெல்லாம் நாட்டின் உரிமையிலிருந்து வடிந்து வருவதுதான். 77-ஆம் பத்தியில் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வாசகம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்கிறது. 36(1) தனிமனித உரிமைகளை உண்டாக்குகிறது. ஆப்ஷனல் புரோட்டோகால் (உடன்படிக்கைத் தகராறுகளை இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வழிசெய்யும் இணைப்பு ஒப்பந்தம்) வழியாக அவற்றைக் கைதியின் நாடு இங்கே எழுப்பலாம். நாம் போட்ட கூடுதல் கட்டத்துக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது: உரிமை சகோதரர்களுடையது, வாய் ஜெர்மனியுடையது. ஓட்டு 14-க்கு 1.

இரண்டாவது இஷ்யூவில் கவனம். அந்த விதியே தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இந்த வழக்கில் அதைப் பயன்படுத்திய விதம்தான் தப்பு என்றது.

மூன்றாவது இஷ்யூ எனக்கு மிகவும் பிடித்தது. நீதிமன்றச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஆங்கிலத்தில் மழுப்பலாக, "எடுக்கத்தக்க" நடவடிக்கை என்பது போல ஒலிக்கும். பிரெஞ்சு வாசகமோ "எடுத்தாக வேண்டிய" என்று அழுத்திச் சொல்கிறது. இரண்டும் சம அதிகாரமுள்ள வாசகங்கள். ஆகவே சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து, இடைக்கால உத்தரவு கட்டுப்படுத்தும் என்று 13-க்கு 2 ஓட்டில் முடிவானது. அந்த நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

படி 7: சொல்லாததையும் எழுதுங்கள்

"தூதரகத்தை அணுகுவது மனித உரிமை என்று லாகிராண்டில் தீர்ப்பு" என்று பல பிரீஃபில் பார்த்திருக்கிறேன். தவறு. ஜெர்மனி அப்படி வாதிட்டது உண்மை. ஆனால் அதற்குள் போகத் தேவையில்லை என்று 78-ஆம் பத்தியில் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. தனிமனித உரிமை வேறு, மனித உரிமை வேறு. பிரீஃபில் "தீர்மானிக்காதவை" என்று ஒரு வரி விட்டு இதைப் போடுங்கள்.

நீதிபதிகளின் தனிக் கருத்துகளில், நீதிமன்றத் துணைத் தலைவர் ஷி ஜியுயோங் எழுதியதை விடாதீர்கள். முடிவுக்கு ஓட்டுப் போட்டவர்தான், ஆனாலும் தனிமனித உரிமை விஷயத்தில் அவருக்குத் தயக்கம். பிரிவு 36 "துணைத் தூதரகப் பணிகளை எளிதாக்கும் பொருட்டு" என்றுதானே தொடங்குகிறது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. "அவருடைய" என்ற சொல்லுக்கு எதிர்ப்பக்கம் வைக்க இதைவிட வலுவான வாதம் கிடைக்காது.

படி 8: பிறகு நடந்தது

இரண்டு மூன்று வரி போதும். மெக்சிகோ அமெரிக்காமீது தொடுத்த அவேனா வழக்கில் 2004-இல் வந்த தீர்ப்பும் இதே வழி. 2005-இல் அமெரிக்கா அந்த ஆப்ஷனல் புரோட்டோகாலிலிருந்தே விலகிக்கொண்டது. பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற இந்தியர் ஜாதவின் வழக்கில் இந்தியா பாகிஸ்தானுக்கு எதிராக இதே 36-ஐத்தான் கையில் எடுத்தது. 2019-இல் தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

எல்லாம் எழுதி முடித்ததும் என் "ரேஷியோ" கட்டம் இப்படி இருந்தது. அளவுக்கு ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்:

"பிரி. 36(1) கைதிக்கே உரிமை தருகிறது ('அவருடைய உரிமைகள்'). அதைச் சர்வதேச நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டியது அவர் நாடு. மீறல் இரட்டை: ஜெர்மனிக்கும், சகோதரர்களுக்கும். பத்தி 77; 14–1. மனித உரிமையா என்பது தீர்மானிக்கப்படவில்லை: பத்தி 78."