ஓசூர் கம்பெனியில் முதல் நேர்முகத் தேர்வா? ஐடிஐ முடித்தவர்களுக்கான வழிமுறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐடிஐ முடித்த பலருக்கு முதல் நேர்முகத் தேர்வு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில்தான் அமைகிறது. அங்கே தேறாமல் திரும்பும் பிள்ளைகளில் பலருக்கு வேலை தெரியும். தெரிந்ததை எடுத்துச் சொல்லத்தான் வருவதில்லை.

1. முதலில் சான்றிதழ்கள். அசலை ஒரு கோப்பிலும் நகல்களைத் தனியாகவும் வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்றிருந்தால் பி.எஃப். கணக்கில் இழுபறியாகும். இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

2. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். குடும்பக் கதை வேண்டாம். "சார், பாலக்கோட்டிலிருந்து வருகிறேன். ஃபிட்டர் பிரிவு படித்தேன். ஃபைலிங், டிரில்லிங், டேப்பிங் நன்றாகச் செய்வேன். லேத்தில் பழக்கம் குறைவு" என்றால் போதும். அந்தக் கடைசி வரியைச் சொல்லத் தயங்காதீர்கள். மற்றதை நம்ப வைப்பதே அதுதான். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தது இரண்டாவது கேள்வியிலேயே காலை வாரிவிடும். தமிழிலேயே தெளிவாகப் பேசலாமா என்று கேளுங்கள்.

3. அடுத்து தொழில் கேள்வி. நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லலாம். முதன்மை அளவுகோலில் 24 மி.மீ. தாண்டியிருக்கிறது, நகரும் வெர்னியர் அளவுகோலின் 13ஆவது கோடு முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு நேராக நிற்கிறது என்று வையுங்கள். மீச்சிற்றளவு, அதாவது கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. என்றால் 13 × 0.02 = 0.26, ஆக அளவு 24.26 மி.மீ. விடையை மட்டும் சொல்லாமல் இந்தக் கணக்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளக்கும் முன் தாடைகளை மூடி, பூஜ்ஜியம் பொருந்துகிறதா என்று பார்த்தீர்களானால் எதிரில் இருப்பவர் கவனிக்காமல் இருக்க மாட்டார். மைக்ரோமீட்டரையும் இதே மாதிரி பழகுங்கள்.

4. இடம். கம்பெனி இருப்பது சிப்காட் பகுதி ஒன்றிலா, இரண்டிலா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டும் வேறு வேறு பக்கம். தர்மபுரியிலிருந்து வருபவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பதுதான் நிம்மதி.

5. கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். வேலை அப்ரண்டிஸா (தொழில் பழகுநரா), ஒப்பந்தமா, நிரந்தரமா? இரவு ஷிப்ட் உண்டா? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? பி.எஃப்.புக்குப் பொதுவாக அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் 0.75 சதவீதமும் போகும். அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் இந்தப் பிடித்தங்கள் இல்லை.

வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று வாசலில் யாராவது நின்றால் பேச்சே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.