மாணவரின் மெயிலை நாம் திறக்கக் கூடாது: வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு கூகுள் ஷீட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்லதுதான். கரூரில் இருக்கும் பெண்ணும் திருநெல்வேலியில் இருக்கும் பையனும் சென்னைக்கு பஸ் ஏறாமலே விவரம் கேட்டுக்கொள்ள முடிகிறது. திருச்சியில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான், எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே புதியவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தப்பான லிங்க் அனுப்புவது, பெயரை மாற்றி அடிப்பது மாதிரி விஷயங்களை யாராவது சொன்னால் உடனே திருத்திக்கொள்ளலாம், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாணவர் பெயரில் நாமே மெயில் திறப்பது

பல அலுவலகங்களில் நடப்பது இது. மாணவர் பணம் கட்டியதும் ஒரு கவுன்சிலர் உட்கார்ந்து அவர் பெயரோடு எதையாவது சேர்த்து ஒரு புது ஜிமெயில் திறப்பார். எல்லா மாணவருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மீட்பு எண்ணாக அலுவலக எண், பல நேரங்களில் அந்தக் கவுன்சிலரின் சொந்த எண். பல்கலைக்கழக விண்ணப்பம், ஐ-20 (அமெரிக்க மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), விசா ஸ்லாட் (விசா நேர்காணலுக்குப் பதிவு செய்யும் நேரம்), ஹாஸ்டல் எல்லாம் அந்த மெயிலில்தான். மாணவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். “நீ ஒண்ணும் கவலைப்படாதே, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிடுவார்கள், வீட்டிலும் அதைக் கேட்டு நிம்மதியாகிவிடுவார்கள்.

அப்படி ஒரு இடத்தின் வழியாக அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப் போன ஒரு பெண், போன பிறகு, தெரிந்தவர் மூலமாக என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தாள். டல்லாஸ் பக்கம். அங்கே மாலை 4 மணி, இங்கே அதிகாலை 2.30. கோர்ஸ் பதிவு செய்யப் போனால் கணக்கில் ‘ஹோல்டு’, அதாவது பதிவு செய்ய முடியாதபடி தடை, என்று வருகிறது. தடுப்பூசிச் சான்று அனுப்பவில்லை என்பதுதான் காரணம். பல்கலைக்கழகம் மூன்று முறை நினைவூட்டியிருக்கிறது, மூன்றும் அந்தப் பழைய ஜிமெயிலுக்கு. அதற்குள் போகலாம் என்றால் புது நாடு, புது லேப்டாப் என்பதால் கூகுள் சந்தேகப்பட்டு ஓடிபி கேட்கிறது. “அக்கா, ஓடிபி அந்த அண்ணாவோட நம்பருக்குத்தான் போகுது, அவரு வேலைய விட்டுப் போயிட்டாராம்” என்றாள். திரையில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிகின்றன, அது யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆனது.

சான்றை அனுப்பி ஹோல்டை எடுப்பதற்குள் நேரில் நடக்கும் வகுப்புகள் நிரம்பிவிட்டன. மிச்சமிருந்தவை ஆன்லைன் வகுப்புகள். எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான், அதாவது மூன்று கிரெடிட்தான், முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். முழுநேரம் இல்லையென்றால் விசா நிலைக்கே ஆபத்து. அந்தப் பெண் டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாக அலைந்து, ஒரு பேராசிரியர் இரக்கப்பட்டு ஒரு சீட் கொடுத்ததால் தப்பினாள். அவளுடைய அப்பா வீட்டை அடமானம் வைத்து லோன் எடுத்தவர். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்காவோடு முடியும் விஷயமும் இல்லை இது. பிரிட்டனில் வெளிநாட்டவருக்குக் கொடுத்த பிளாஸ்டிக் அடையாள அட்டைகள் 2024 டிசம்பரோடு காலாவதியாகி, எல்லாம் இ-விசாவுக்கு, அதாவது ஆன்லைன் கணக்கில் இருக்கும் விசாவுக்கு, மாறிவிட்டன. அந்தக் கணக்கில் நுழைய, பதிவு செய்த மெயிலுக்கோ போனுக்கோ ஒரு குறியீடு வரும். வீடு வாடகைக்கு எடுக்க, பகுதிநேர வேலையில் சேர, தன் விசா நிலையை அடுத்தவருக்குக் காட்டும் ‘ஷேர் கோடு’ ஒன்றை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மெயில் நம் கையில், போன் நம் அலுவலகத்தில் என்றால் மான்செஸ்டரில் நிற்கும் மாணவர் வீட்டுக்காரருக்கு எதைக் காட்டுவார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள், 2019-லிருந்தே. 2025 ஜூனில் இருந்து எஃப், எம், ஜே விசாவுக்கு (மாணவர், பரிமாற்றத் திட்ட விசாக்கள்) விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் வேண்டும். மாணவரைக் கேட்காமல், நேரம் மிச்சம் என்று ‘இல்லை’ எனத் தேர்வு செய்துவிட்டுப் போகும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு இன்ஸ்டாவில் இரண்டு கணக்கு இருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போடுவது மாணவர் என்றுதான் சட்டம் பார்க்கும், நம்மை அல்ல. மறைத்தால் இந்த விசா மறுக்கப்படுவதோடு இனிமேல் கேட்கும் விசாக்களுக்கும் தகுதி போகலாம் என்று இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகமே எச்சரித்திருக்கிறது. ஸ்லாட் கணக்கும் அப்படித்தான். 2025 மார்ச்சில் பாட் (தானாக இயங்கும் மென்பொருள்) வைத்துப் பிடித்த சுமார் 2000 விசா நேரங்களை அதே தூதரகம் ரத்து செய்து, அந்தக் கணக்குகளையும் நிறுத்தி வைத்தது. தன் கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாத மாணவர்களும் அப்படிப்பட்ட நடவடிக்கையில் மாட்டிக்கொள்ளலாம்.

“பசங்க மெயிலே பார்க்க மாட்டாங்க மேடம், கடைசி தேதி போயிடும், அதனாலதான் நாங்களே வெச்சுக்கறோம்” என்று புதியவர்கள் என்னிடம் சொல்வார்கள். பார்க்காமல் இருக்கப் பழக்குவதே நாம்தான். உண்மையைச் சொன்னால் சில இடங்களில் பாஸ்வேர்டைப் பிடித்து வைப்பதற்கு வேறு காரணம், மாணவர் வேறு கன்சல்டன்சிக்குப் போய்விடக் கூடாது என்பது. அது ஆலோசனை இல்லை, பிணைக்கைதியாகப் பிடித்து வைப்பது.

நான் செய்வது இதுதான். முதல் சந்திப்பில் மாணவர் தன் போனில், தன் எண்ணில், தானே மெயில் திறக்க வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன். பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வந்தால் சொல்ல விடுவதில்லை. படிவம் நிரப்பும்போது கூகுள் மீட்டில் அவர் திரையைப் பகிர்வார், அவர்தான் டைப் செய்வார், நான் வாயால் மட்டும் சொல்வேன். இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகட்டும். டிஎஸ்-160-இல் யாராவது உதவினார்களா என்ற கேள்விக்கு ஆம் என்று என் பெயரைப் போடச் சொல்வேன். கடைசித் தேதிகளுக்கு ஒரு பகிர்ந்த ஷீட் வைத்திருக்கிறேன், அதில் பாஸ்போர்ட் எண் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, எது முடிந்தது எது பாக்கி என்பது மட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு “பார்த்தேன்” என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். சிலர் முதலில் சலித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும்.

குரூப்பில் கேட்டதற்குக் குரூப்பிலேயே பதில்

“வேலை இல்லாமல் எத்தனை நாள் இருக்கலாம்?” என்று அமெரிக்காவில் படிப்பு முடித்த ஒருவர் கேட்பார். சீனியர் ஒருவர் “150” என்று அடிப்பார். ஸ்டெம் நீட்டிப்பில் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் வேலை அனுமதி) இருக்கும் அவருக்கு அது சரி. கேட்டவர் முதல் வருட ஓபிடியில் (படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதி) இருந்தால் 90 நாள்தான். அந்த 60 நாள் வித்தியாசத்தில் ஒருவருடைய அமெரிக்க வாழ்க்கையே போய்விடும். தனிப்பட்ட விசா நிலை பற்றிய கேள்வி வந்தால் குரூப்பில் பதில் வேண்டாம், தனியாக அழைத்துப் பேசுங்கள், அங்கே சேர்ந்துவிட்ட மாணவரென்றால் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவரங்களைக் கவனிக்கும் அதிகாரி) அனுப்புங்கள். அவர்தான் செவிஸ் பதிவை (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) பார்த்துச் சொல்ல முடியும், நாம் இல்லை.

பொதுவான தகவல் போடும்போது தேதி போடுங்கள். 2020 ஜூலை 6 அன்று, முழுக்க ஆன்லைனில் படிக்கும் மாணவர்கள் அமெரிக்காவில் இருக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட, 14ஆம் தேதி திரும்பப் பெற்றுவிட்டார்கள். முதல் அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, பெற்றோர் அழுதுகொண்டு போன் செய்தார்கள். ஜெர்மனிக்கும் இதே கதை. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட விசாவுக்கு முன் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் ஆண்டுக்கு 11,208 யூரோ என்பது 2024 செப்டம்பரில் 11,904 ஆனது. பழைய ஃபார்வர்டை நம்பிப் பணம் போட்டவருக்கு 696 யூரோ குறையும். 2022 நவம்பருக்கு முந்தைய வீடியோக்களில் ஏபிஎஸ் சான்றிதழ் (ஜெர்மன் விசாவுக்காக, இங்கே படித்த சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) பற்றிப் பேச்சே இருக்காது. சொல்லும் தகவல் என்றைக்கு நிலவரம், எந்த நாட்டு விசாவுக்கு, அதிகாரப்பூர்வ பக்கத்தின் லிங்க் எது, இந்த மூன்றும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள்.

விசா ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போடுவது

“எங்கள் மாணவருக்கு விசா கிடைத்தது” என்று பாஸ்போர்ட்டை விரித்து இன்ஸ்டாவில் போடுகிறார்கள். பெயர் தெரியாமல் இருக்க மேலே ஒரு பூ ஸ்மைலி வைப்பார்கள், கீழே இருக்கும் அம்புக்குறிகள் நிறைந்த அந்த இரண்டு வரிகளை விட்டுவிடுவார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாமே அந்த வரிகளில்தான் இருக்கிறது. மறைத்துப் போடலாமா என்று கேட்காதீர்கள், போடவே வேண்டாம். மாணவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் போதும், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு.

போன் நம்பர் எல்லாருக்கும் தெரிவது

வாட்ஸ்அப் குரூப்பில் எல்லா எண்ணும் எல்லாருக்கும் தெரியும். லோன் ஏஜென்ட், ரூம் புரோக்கர், வேண்டாத ஆட்கள் எல்லாரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்குத் தொல்லை அதிகம். அறிவிப்புக்கு மட்டும் என்றால் கம்யூனிட்டி அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்துங்கள், அதில் மற்றவர் எண் தெரியாது.

“விசா உறுதி” ரீல்ஸ்

வேண்டாம். விசா கொடுப்பது நாம் அல்ல.

“இரவு 8 மணிக்கு வெபினார்”

எந்த ஊர் 8 மணி? நவம்பரிலும் மார்ச்சிலும் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும், நாம் மாற்ற மாட்டோம். இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்.

பெற்றோருக்கு இங்கிலீஷ் பிடிஎஃப் அனுப்புவது

லோனில் கையெழுத்துப் போடுவது அப்பா. கட்டண விவரம் ஆறு பக்கத்தில் இங்கிலீஷில் போனால் அவர் அதை மகனிடமே திருப்பி அனுப்புவார், மகன் “எல்லாம் ஓகேப்பா” என்பான். தமிழில் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், எப்போது எவ்வளவு கட்ட வேண்டும், எது திரும்ப வராது என்று. பல அப்பாக்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி மறுபடி கேட்கிறார்கள், கேட்டுவிட்டு நல்ல கேள்விகளும் கேட்கிறார்கள். பெற்றோரையும் மாணவரையும் ஒரே குரூப்பில் போடாதீர்கள், பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

இந்திய சிம்மை மறப்பது

விமானம் ஏறும் முன் ரோமிங் போட்டு, அங்கே போனதும் எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வங்கி லோன் பணத்தை விடுவிக்கவும், வங்கிக் கணக்குக்குள் நுழையவும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். புது ஊர் எண் கிடைத்த அன்றே ஜிமெயிலின் மீட்பு எண்ணில் அதையும் சேர்க்க வேண்டும், பழையதை உடனே எடுத்துவிடக் கூடாது. அப்படியே மெயில் அமைப்புகளுக்குள் போய், நம் அலுவலக எண்ணோ மெயிலோ எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாணவர் கையால் நீக்கச் சொல்லுங்கள்.