மூடிய லேப்டாப் பைக்குள் சுடுகிறதா?

புது விண்டோஸ் 11 லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, பெங்களூரு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி ஆபீஸ் சேர்வதற்குள் அடிப்பக்கம் சுடும், சார்ஜும் இறங்கியிருக்கும். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதைய பல மாடல்களில் பழைய எஸ்3 ஸ்லீப், அதாவது ராம் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும் ஆழ்ந்த தூக்கம், கிடையாது. மூடினாலும் எஸ்0 என்ற அரைத் தூக்கம்தான், பின்னணி வேலைகள் எழுப்பிவிடும்.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்'. அங்கே ஆன் பேட்டரி, பிளக்டு இன் இரண்டுக்கும் ஹைபர்னேட் வைத்தேன்; திறந்திருக்கும் வேலையை எஸ்எஸ்டியில் சேமித்துவிட்டு லேப்டாப் அணைந்துவிடும். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்: சார்ஜரோடு மூடிவிட்டு வயரைப் பிடுங்கினால் அதே அரைத் தூக்கத்தில்தான் பைக்குள் போகும்.

பட்டியலில் ஹைபர்னேட் இல்லையா? அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆன்' கட்டளையை ஆங்கிலத்தில் அடியுங்கள். 16 ஜிபி ராமுக்கு எஸ்எஸ்டியில் சுமார் 6 ஜிபி பிடிக்கும். திறக்கச் சில விநாடி கூடும், அது பரவாயில்லை.